கடன் தீர்ந்த அன்று

ஆம்பூர் தோல் கிடங்கில் என் கணவர் முன்பணம் வாங்கியிருந்தார். அது தீரும்வரை வேறு வேலைக்குப் போக முடியாது. கிடங்கு கொடுத்த வீட்டில்தான் குழந்தைகளோடு குடியிருந்தோம். ரயிலடியில் மூட்டை தூக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நான் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தேன். சேர்ந்ததை விற்று ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கினேன். விரிஞ்சிபுரத்தில் என் அக்கா அதை வளர்த்தாள். அது போட்ட கிடாக்கள் பக்ரீத் சமயத்தில் நல்ல விலைக்குப் போயின. பணத்தோடு இருவரும் கிடங்கு மேஸ்திரியிடம் போனோம்.

அவர் வாங்கிக்கொண்டு, "கணக்கு தீந்துச்சு. நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்றார்.

"இன்னாங்க இது? மழையில கொழந்தைங்கள இட்டுக்கினு எங்க போவோம்?" என்றேன்.

"முன்பணம் வாங்கினவங்களுக்குத்தாம்மா கிடங்கு வீடு."

ஊருக்குள் எங்கள் சாதிக்கு யாரும் வீடு தரமாட்டார்கள். என் கணவர், "பாதியத் திருப்பிக் குடுங்க, முன்பணமா எழுதிக்குங்க" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

நாங்கள் சேர்த்த பணமே எங்கள் கடனாக என் முந்தானையில் வந்து விழுந்தது.