வெந்நீர் வேண்டாம் என்றவர்

மொந்தேவிதேயோவில் எங்கள் உளவுத்துறை அலுவலக வாசலில் பன்னிரண்டு வருடமாகச் சோதனை போடுபவள் நெலிடா அக்கா. பை, கோட்டு, குடை எதையும் விடமாட்டாள். மாத்தே என்கிற இலைத்தேநீர் குடிக்க வெந்நீர் கொண்டுபோகும் ஃபிளாஸ்க்கை மட்டும் தொடமாட்டாள். இந்த ஊரில் அது அவரவர் அக்குளிலேயே முளைத்தது மாதிரி. அதைப் போய் யார் சோதிப்பார்கள்?

ரகசியக் காகிதங்கள் வெளியே போவது தெரிந்ததும் மேலிடம் மூளையைக் கசக்கி, தட்டச்சு செய்யும் என்னை வீட்டுக்கு அனுப்பியது. என் தங்கை வெளிநாட்டில் இருக்கிறாளாம். அவ்வளவுதான் ஆதாரம்!

நான் வீட்டில் இருந்த மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் துணை இயக்குநர் ஒல்தெமார் ஃபிளாஸ்க்கோடு கிளம்பினார்.

"சார், ஒரு வாய் மாத்தே ஊத்துங்களேன், தொண்டை காயுது" என்றாள் வாசலில் நெலிடா அக்கா.

"தண்ணி தீந்துபோச்சும்மா."

"அதுக்கென்ன, குடுங்க. என் கெட்டில்ல சூடா இருக்கு, ரொப்பித் தரேன்."

"வேணாம், வேணாம்." அவர் ஃபிளாஸ்க்கை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

நெலிடா அக்கா எழுந்து நின்றாள். "இந்த ஊர்ல வெந்நீரை வேணாம்னு சொன்ன முத ஆளு நீங்கதான். திறங்க சார்."

உள்ளே சுருட்டிய காகிதங்கள்.

திங்கட்கிழமை என்னைத் திரும்ப அழைத்தார்கள். வாசலில் இயக்குநரே தன் ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து பிடித்தபடி வரிசையில் நின்றார். என் முறை வந்தது.

"என்னையுமாக்கா?"

"உன்னையுந்தான். அந்த ஒல்தெமாரை நம்பித்தானடி உன்னைத் துரத்துனாங்க."

என் ஃபிளாஸ்க்குள் எட்டிப் பார்த்து மூடியைத் திருகியவள், தன் மாத்தேயை எனக்குத்தான் முதலில் நீட்டினாள்.