நீலம் இல்லாத வெள்ளை

1997 ஓகஸ்ட் 12 – சிவப்பு எல்.ஈ.டி. ஆறு – ரூ. 18
1997 ஓகஸ்ட் 12 – பச்சை ஆறு – ரூ. 24
1997 நவம்பர் 3 – நீலம் ஒன்று, தபாற்செலவுடன் – ரூ. 640

இது பாலேந்திரனின் செலவுக் கணக்கு. அவர் யாழ்ப்பாணத்தவர், கண்டிக்கருகே ஹந்தானையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்தார். குழல் விளக்கின் வெள்ளை, கண்ணாடிக்குள் பூசிய மாவிலிருந்து வருவது. அதன் கீழே தேநீரின் சிவப்பு செத்துத் தெரியும். மாவே இல்லாமல், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே இடத்தில் விழவிட்டால் வெள்ளை வரும்; வேண்டிய அளவு சிவப்பைக் கூட்டவும் முடியும். அதற்காகவே கம்பியும் பற்றரியுமாக ஒரு பலகை செய்தார்.

கண்டியில் குண்டு வெடித்த மறுவாரம், 1998 பெப்ரவரி 2இல், பொலிஸ் வீட்டைக் கிளறியபோது பலகை விழுந்து நீலம் நசுங்கியது.

"வெள்ளை என்றாயே, எங்கே?" இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். எரிந்தது மஞ்சள். பலகை குண்டு வெடிக்கவைக்கும் கருவி என்று சொல்லிப் பாலேந்திரனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"மாதம் முடிவதற்குள் இந்தப் பலகையை வெள்ளையாக எரித்துக் காட்டு. இல்லாவிட்டால் தடுப்பு முகாம்தான்" என்று பாலேந்திரனின் மனைவி லீலாதேவியிடம் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

லீலாதேவி அனீஸாவின் டெலிபோன் கடைக்கு ஓடினாள்.

"பொலிஸ்னு வாயத் தொறந்துராதீங்க அக்கா. லைன்ல கேட்டுக்கிட்டிருப்பானுங்க."

ஆகவே லீலாதேவி குரலில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கனடாவிலிருந்த தமையன் மயில்வாகனத்தோடு பேசினாள்.

"அண்ணை, நீல எல்.ஈ.டி. ஒண்டு உடன அனுப்புங்கோ."

"என்னடி, வீட்டில சோடினையோ? இஞ்ச இப்ப வெள்ளையே வந்திட்டுது."

"வேண்டாம் அண்ணை, நீலம்தான்."

"அந்தக் கஞ்சன் உன்னையும் பழக்கிப்போட்டான்!"

பெப்ரவரி 26இல் பொதி வந்தது. தங்கைக்குக் குறைந்த சாமான் அனுப்ப மனமில்லாத தமையன் வெள்ளையையே அனுப்பியிருந்தார். நீலத்தின் மேல் மாவு பூசிய விளக்கு. வேறு வழியில்லாமல் அதையே பலகையில் முறுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். வெள்ளையாக எரிந்தது. இன்ஸ்பெக்டர் சிவப்பையும் பச்சையையும் பிடுங்கினார். அப்போதும் வெள்ளை.

"இந்த ஒன்றே போதுமே. மற்றக் கம்பிகள் எதற்கு?"

"இது இல்லை ஐயா, நீலம் வேண்டும்" என்று அவள் சிங்களத்தில் மன்றாடினாள். அவர் பைலை மூடிவிட்டார். மார்ச் 1இல் பாலேந்திரனைத் தெற்கே முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

அவள் உண்மையை எழுதியபின் தமையன் நீலம் அனுப்பினார். அதற்குள் இன்ஸ்பெக்டருக்கு மாற்றம். பலகையைப் பார்க்க ஒருவரும் இணங்கவில்லை. முகாமிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றிலும் நீலம் வந்ததா என்றே பாலேந்திரன் கேட்டிருந்தார். வந்துவிட்டது என்று அவள் எழுதியது அவருக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. மூன்றாவதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அந்த மூன்றாவது கடிதம் வந்தது 1998 ஒக்டோபர் 6.