அம்மா பெயர் வந்த வரி

நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஏழாம் வகுப்பு. மெயின்லேண்டிலிருந்து சித்தப்பா ஒரு பழைய லேப்டாப்பைக் கப்பலில் அனுப்பியிருந்தார். நெட் என்பது அப்போது எங்கள் தீவில் பேருக்குத்தான். அவர் பென்டிரைவில் போட்டுத் தந்த பாடங்களைப் பார்த்துப் புரோகிராம் எழுதப் பழகினேன். என் பெயரைத் திரையில் வரவைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. மேற்கோள் குறியைத் திறப்பேன், மூட மறப்பேன்; கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் திட்டும்.

பெயர் வந்த அன்று அம்மா கேசரி கிண்டி, பக்கத்துப் பெங்காலி ஆன்ட்டி வீடு வரைக்கும் கொடுத்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கூட்டல் வந்தால் கேசரி, பெருக்கல் வந்தால் கேசரி. கிண்ணத்தை வைத்துவிட்டு என் பின்னால் நின்று, "இந்தக் குறி எதுக்குடி?" என்பாள். உனக்குப் புரியாதும்மா என்று சொல்லி முந்திரியைப் பொறுக்குவேன்.

ஒருநாள் அந்த முதல் புரோகிராமை வகுப்பில் காட்டச் சொன்னார்கள். பெருமையாக ஓட்டினேன். என் பெயர் வந்தது. அதன் கீழே அம்மாவின் பெயரும் வந்தது. மம்மியையும் கூட்டிவந்திருக்கிறாளே என்று கடைசி பெஞ்ச் ஹிந்தியில் ஆரம்பித்த சிரிப்பு, மணி அடிக்கும்வரை ஓயவில்லை.

வீட்டுக்கு வந்து குதித்தேன் பாருங்கள். என் புரோகிராமில் கைவைக்க யாருக்கு என்ன உரிமை? தூசி தட்டும்போது கை பட்டிருக்கும் என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். கை பட்டால் மேற்கோள் குறி திறந்து, மூடி, ஒரு பிழையில்லாமல் விழுமா என்று வக்கீல் மாதிரி மடக்கினேன். டியூட்டி முடிந்து வந்த அப்பா ஷூவைக் கழற்றிக்கொண்டே, "சோடோ, விட்டுத்தள்ளு, ஒரு லைன்தானே. அழிச்சிட்டாப் போச்சு" என்றார். அம்மா பார்க்க வேண்டுமென்றே திரையை அவள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

"இனிமே தொடமாட்டேன்டி" என்றாள்.

சொன்னபடியே தொடவில்லை. மறுவாரம் நான் வாய்ப்பாடு வரவைத்தபோது கேசரி வந்தது, கேள்விதான் வரவில்லை. தொல்லை விட்டது என்று சாப்பிட்டேன்.

இப்போது என் கோபமெல்லாம் அந்த ஏழாம் வகுப்புப் பெண் மேல்தான். அவ்வளவு வாதாடினாளே, தான் எதை நிரூபிக்கிறோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. அது அம்மாவின் முதல் புரோகிராம். அதற்கு யாரும் கேசரி கிண்டவில்லை.