பாலம் இடிந்த வாரத்து இதழ்

என் சகலைக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. வேலை என்னவோ வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பதுதான். ஆனால் பழைய செய்திப் பத்திரிகை ஒன்று யார் கையில் கிடைத்தாலும், "பூதக்கண்ணாடி பார்த்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். இருபது வருஷமாகப் பழைய இதழ் கடை வைத்திருப்பவன் நான். என்னிடம் கிழிசல் ஒட்டத்தான் வருவார்கள். விலைமதிப்பு கேட்க அவரிடம் போவார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவர் இதழைப் பார்க்கிற அழகே தனி. பின்னட்டையிலிருந்து தொடங்குவார். "முன்னட்டையை எல்லாரும் பத்திரமா வச்சிருப்பாங்க. பின்னட்டைதான் பட்டபாட்டைச் சொல்லும்" என்பார். பிறகு நடுப்பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, போட்டிக் கூப்பனை யாராவது கத்தரித்திருக்கிறார்களா, மடிப்பில் குத்திய பின் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பிடிப்பார். இதற்கெல்லாம் யாரிடமும் சல்லிக்காசு வாங்க மாட்டார். அது வேறு எனக்கு எரிச்சல்.

என் மனைவியோ, "அத்தான் கண்ணுக்குத் தப்புமா?" என்று பூரித்துப் போவாள். என் கண்ணைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர் ஒரே ஒரு தடவை தப்பாகச் சொல்ல வேண்டும், அதுவும் நாலு பேர் முன்னால். எனக்கு அது போதும்.

பாலம் இடிந்த வாரத்தில் வந்த செய்தி இதழ் ஒன்று உண்டு. சேகரிப்பவர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள். என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றில் அட்டை பளிச்சென்று இருந்தது, உள்ளே கூப்பன் பக்கம் இல்லை. மற்றதில் உள்தாள் எல்லாம் முழுசு, அட்டைதான் நைந்து கந்தல். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் பிரித்தேன். நல்ல அட்டைக்குள் நல்ல தாள்களை வைத்து, பழைய துளைகளிலேயே பழைய துருப்பின்னை நுழைத்து மடக்கினேன். மூன்று நாள் வேலை. நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது.

சேகரிப்பாளர்கள் கூடும் கண்காட்சிக்கு எதிர்வீட்டுத் தையல்காரர் கையில் அதைக் கொடுத்தனுப்பினேன். தன்னுடையது என்று சொல்லச் சொன்னேன். அங்கே இதழ் பார்த்துச் சொல்கிற சகலை 'அசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும், கூட்டத்திலிருந்து நான் எழுந்து உண்மையை உடைப்பதாகத் திட்டம்.

பூதக்கண்ணாடி பின்னட்டையைப் பார்த்தார். தாள்களைத் தூக்கிப் பிடித்தார். அட்டையை அடுத்த மூன்றாம் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். சுற்றிலும் பத்துப் பேர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். "இதை வீட்ல வச்சு நிதானமா பார்க்கணும்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் இப்படித் தயங்கி யாரும் பார்த்ததில்லை. "கண்ணு போச்சு போல" என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அவரே என் வீட்டுக்கு வந்தார். மனைவி காபி போட உள்ளே போனாள். அவர் இதழை என் மேஜைமேல் வைத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். குண்டூசி முனையளவு ஒரு ஓட்டை இருந்தது. ஏழாம் பக்கம் வரைக்கும் போயிருந்தது.

"அட்டையில ஓட்டை இல்லையே. பூச்சி எந்த வழியா உள்ள போச்சு?"

ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தேன்.

"தையல்காரர்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அவருக்கு இது வராது" என்றார். "பழைய ஓட்டையிலயே, பழைய பின்னை, ஒரு சுருக்கம் விழாம மடக்கியிருக்கு. இவ்வளவு சுத்தமான கை இந்த ஊர்ல உனக்கு மட்டும்தான். அந்தப் பூச்சி மட்டும் இல்லன்னா நான் ஏமாந்திருப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கயே சொல்லியிருந்தா உன் கடைப்பக்கம் எவனும் வரமாட்டான். அதான் எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

அவர் வாயால் என் கைவேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்க இருபது வருஷம் ஏங்கியிருக்கிறேன்.

மனைவி காபியோடு வந்தாள். "அத்தான் உங்களப் பத்தி என்னவோ சொல்லிட்டிருந்தாரே, என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.