நல்லா சாடுமுங்க

கொழிஞ்சாம்பாறைக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலில் நிற்கிறேன். வைக்கோல் கட்டுகளைத் தாண்டி ஓடும் குதிரைப் பந்தயம் இன்னும் தொடங்கவில்லை. எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பத்திரிகைக்கு முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். வெயிலில் மண்டை காய்கிறது. வரிசையாகக் கட்டியிருக்கும் குதிரைகளைக் காட்டி விழாக் கமிட்டிக்காரரிடம் கேட்கிறேன்.

"வெள்ளை எப்படிங்க?"

"நல்லா சாடுமுங்க."

"செவலை?"

"அதும் நல்லா சாடுமுங்க."

கறுப்புக்கும் அதே பதில். மலையாளம் கலந்த இந்த ஊர்த் தமிழில் சாடுவது என்றால் குதிப்பது. குதிரை குதிக்கும் என்று எழுதவா இவ்வளவு தூரம் வந்தேன்?

"சரி, எல்லாத்தையும் மிஞ்சுறது எதுங்க?" என்று எரிந்து விழுகிறேன்.

அறுந்த கயிறு தொங்கும் முளையை அவர் காட்டுகிறார்.

"இங்க கட்டியிருந்ததுங்க. காலைலயே வேலி சாடிப் போயிருச்சுங்க."