தண்ணீரில் இறங்காத என் வீட்டுக்காரர்

இயேசுவை நம்பியிருக்கிற உங்கள் எல்லோருக்கும் என் அன்பு. கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இரும்புலியூர். என் வீட்டுக்காரர் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். சபை என்றாலே அவருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நான் வீடு திரும்பினால், "இன்னாம்மே, இன்னிக்காவது வாயத் தொறந்து ஜெபம் பண்ணியா, இல்ல இன்னிக்கும் ஊமையாவே குந்திகினு வந்தியா?" என்று சிரிப்பார்.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. கழுத்தில் ஓட்டை. அதன் வழியாகத்தான் மூச்சு. அத்தனை பேச்சு பேசிய மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கும் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

வேறு வழி தெரியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகப்போக, நான் நிறுத்தினால் மேலே படி என்று கையைத் தட்டினார். பொங்கல் கழித்து ஒரு நாள், "இயேசு உங்களுக்காகவும்தாங்க செத்தாரு. நம்புறீங்களா?" என்று கேட்டேன். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். உதடு "ஆமா" என்று அசைந்தது.

பாஸ்டரிடம் ஓடினேன். ஞானஸ்நானம் கொடுங்கள் ஐயா என்றேன்.

"கழுத்துல ஓட்டைய வச்சுக்கிட்டு தொட்டியில எப்படிம்மா முழுக்கறது? தண்ணி உள்ள போனா யார் பதில் சொல்றது?"

"தலையில தெளிச்சாவது..."

"அது நம்ம சபையில இல்லம்மா. நம்புறேன்னு வாயால அறிக்கையும் பண்ண முடியல. சுகமாகட்டும், பார்க்கலாம்."

சுகமாகவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஜெபம். ஆண்டவரே, இவர் உம்முடையவர் என்று சொல்லி அடக்கம் பண்ண ஒரு ஆளை அனுப்பும்.

பங்குனியில் போய்விட்டார். பாஸ்டருக்கு போன் செய்தேன். "ஞானஸ்நானம் எடுக்காதவங்களுக்கு சபையில அடக்க ஆராதனை கிடையாதும்மா. உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று வைத்துவிட்டார். எத்தனையோ வருஷம் அந்தச் சபையைப் பெருக்கித் துடைத்தவள் நான். ஒருத்தரும் வரவில்லை.

பொழிச்சலூரிலிருந்து கொழுந்தனார்தான் சொந்தக்காரர்களோடு வந்தார். அவர்கள் இந்துக்கள். மேளத்துக்குச் சொல்லியிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். மயானத்தில் குழியருகே எல்லோரும் ஜெபத்துக்காகக் காத்து நின்றார்கள்.

"ஃபாதர் வரலியா அண்ணி?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வுடு. நீயே ஜெபம் பண்ணு. எங்க அண்ணன் நீ படிச்சதத்தான கேட்டுகினு இருந்தாரு."

அத்தனை ஆண்கள் நடுவில் என் வாய் திறந்தது. "ஆண்டவரே, இவர் தண்ணியில இறங்கல. வாயால சொல்லவும் முடியல. ஆனா உம்மை நம்பினாரு. அது உமக்குத் தெரியும். சேர்த்துக்கும்." எங்கே சொல்வது என்று தெரியாமல் கொழுந்தனார் நடுவிலேயே "ஆமென்" என்றார்.

ஆள் அனுப்பும் என்று கேட்டேன். ஆண்டவர் என்னையே அனுப்பினார். எனக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் பதில் பதில்தான்.

பிறகு சபை அக்கா ஒருத்தர், "அவரு எங்க போயிருக்காரோ, எதுக்கும் உபவாசம் இருங்க சிஸ்டர்" என்றார். "நம்பினவரு, தான் நம்பின ஆண்டவர்கிட்டதான் போயிருக்காருக்கா" என்றேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதையும் ஆண்டவரிடமே சொல்லி அழுகிறேன். முன்பு மனப்பாடமாய் ஜெபித்தவள், இப்போது உள்ளதைச் சொல்லி ஜெபிக்கிறேன். இயேசுவுக்கு நன்றி.

உங்கள் வீட்டிலும் யாராவது பேச முடியாமல் படுத்திருக்கலாம். தொட்டிக்காகவும் பாஸ்டருக்காகவும் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கையைப் பிடித்து இயேசுவைச் சொல்லுங்கள். அவர்கள் நம்பினால் அது போதும். அடக்கத்துக்கு யாரும் வராமல் போகலாம். இயேசு வந்திருப்பார்.