பதினொன்றரைச் சுற்று

நாற்பத்தாறு வயதிலும் ஐந்தாயிரம் மீட்டரை இருபது நிமிஷத்தில் ஓடுகிறவன் என்று தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. காக்ஸ் டவுனில் வீடு, தொழிற்சாலையில் லேத் வேலை, காலை ஆறு மணிக்கு மைதானம். விடாமல் பயிற்சி செய்தால் வயசு கிட்டவே வராது என்று கேண்டீனில் கேட்டவனுக்கும் சொல்வேன், கேட்காதவனுக்கும் சொல்வேன்.

நேரம் பார்ப்பதும் சுற்று எண்ணுவதும் என் நண்பன். பக்கத்து லேத்தில் வேலை பார்த்த கன்னடக்காரன், முட்டி போனபின் ஓட்டத்தை விட்டவன். ஐந்தாயிரம் மீட்டர் என்றால் பன்னிரண்டரைச் சுற்று. ஓடும்போது எண்ணினால் எனக்கு மூச்சு தப்பும், அதனால் கணக்கை அவனிடம் விட்டிருந்தேன். முடிந்ததும் "சாக்கு குரு, சாக்கு!" என்று கையைத் தூக்குவான். கன்னடத்தில் அதற்குப் போதும் என்று பொருள்.

"தமிழ்ல சாக்குன்னா நொண்டிக் காரணம்டா. நான் எதுக்கு சாக்கு சொல்லணும்?" என்று தினமும் சீண்டுவேன். அவன் சிரிப்பான்.

அந்த வருஷம் தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டியில், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் பெயர் கொடுத்தேன். ஜெயித்தால், "போதும், நிறுத்துங்க" என்று சொல்லும் மனைவியின் வாய் அடைபடும். எனக்குள்ளேயே முணுமுணுத்த சந்தேகத்தின் வாயும் அடைபடும்.

போட்டியில் முடிவு வந்துவிட்டதைக் கால்களே சொல்லின. மூச்சைப் பிடித்துப் பாய்ந்தேன். இரண்டு பேரைத் தாண்டி முதல் ஆளாகக் கோட்டைக் கடந்து, கைகளைத் தூக்கியபடி நின்றுவிட்டேன். அப்போதுதான் கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது.

"எண்ணத் தெரியாதாய்யா உங்களுக்கு?" என்று மணி அடித்தவரிடம் கத்தினேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக் கடந்து போனார்கள். சாட்சிக்கு நண்பனைத் தேடினேன். அவன் தலை குனிந்து நின்றான். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு சுற்றை நான் ஓடவே இல்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் ஆச்சு குரு. ஒருநாள் டைம் ரொம்ப ஜாஸ்தி வந்துச்சு. உங்கிட்ட சொல்ல மனசு வரல. ஒரு ரவுண்ட் கம்மி பண்ணிட்டேன்."

வேண்டாதவன் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவன் கூடவே நின்று, என் வயசை என்னிடமே மறைத்திருக்கிறான். இரண்டு வருஷமாக நான் பெருமையடித்ததெல்லாம் அவன் போட்ட பிச்சை. துரோகி என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் தனியாக மைதானத்துக்குப் போனேன். விரல் மடக்கி நானே எண்ணினேன். பதினொன்றரை வந்ததும் கால்கள் நின்றுவிட்டன. இன்னும் ஒன்று பாக்கி என்று எனக்கு நன்றாகத் தெரியும். பார்க்க ஒருவரும் இல்லை. "சாக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். எந்த மொழியில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.